அண்ணன் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்கள்

சும்மா வருகிற எதையும் நான் நம்புவதில்லை. காரைக்குடியில் பிவிசி குழாய்க் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்காரனாவது திடீரென்று விலையைக் குறைத்தால் பெட்டியைக் கவிழ்த்து அடியில் கிடக்கும் சரக்கைத்தான் முதலில் பார்ப்பேன். விரிசல் விட்டதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதனால், முழங்கால் அறுவை முடிந்து நான் வீட்டில் காலை நீட்டிக் கிடந்தபோது, கண்டனூரிலிருந்து பங்காளி அண்ணன் கையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரோடு வந்து நின்றதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணன் பல வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மனைவியோடு கண்டனூரில் இருக்கும் தன் பெரிய வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளை கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரே கோயில், நெருங்கிய பங்காளிதான். ஆனாலும் கல்யாணத்திலும் துக்க வீட்டிலும் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி. அப்படிப்பட்ட மனிதர் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு, "சும்மா படுத்தே கெடந்தா கிறுக்குப் புடிச்சிரும் தம்பி. ஒரு ஆட்டம் சொல்லித் தர்றேன்" என்றார். இவருக்கு என்ன திடீர்க் கரிசனம் என்று அவர் போன பிறகும் மோட்டுவளையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது கம்ப்யூட்டரில் நடக்கும் பேஸ்பால். நாம் மட்டையையும் தொட வேண்டாம், பந்தையும் தொட வேண்டாம். அணியை நடத்தினால் போதும். யாரை வாங்குவது, யாரைக் கழித்துக்கட்டுவது, யாரை எங்கே நிறுத்துவது என்று நாம் முடிவு செய்ய, ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி முடித்து மாலையில் முடிவைச் சொல்லும். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கற்பனை மனிதர்கள். அண்ணனும் அவரோடு அமெரிக்காவில் வேலை பார்த்த நண்பர்களும் ஆளுக்கொரு அணி வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் பாதியில் விட்டுவிட்டுப் போன அணியைத்தான் அண்ணன் என் தலையில் கட்டினார்.

அணியா அது! சம்பளத்துக்கு என்று இருந்த தொகையில் பாதியை பந்து எறிகிற வயதான பிட்சர் ஒருவரே விழுங்கிக்கொண்டிருந்தார். தோள்பட்டை போய்விட்ட மனிதர். அவரோடு போட்டிருந்த ஒப்பந்தமோ அனுமார் வால். மிச்சப் பணத்தில் மற்ற எல்லாரையும் வைத்துக் கஞ்சி ஊற்ற வேண்டும். லீகிலேயே கடைசி இடம் எங்களுக்குத்தான். "நல்லதா இருந்தா எனக்கு ஏன் தரப்போறாக?" என்று மனைவியிடம் சொன்னேன். "அதை ஏன் என்கிட்ட சொல்றீக? பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என் இளைய மகன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். மூத்தவன் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். இளையவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக்கொடுத்தான். அதில் ஒன்று எனக்கு உடனே பிடித்துப்போனது. பந்து எறிகிறவன் நாலு பந்தைத் தப்பாகப் போட்டால், அடிக்கிறவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்குச் சும்மாவே நடந்து போகலாம். ஓங்கி அடிக்கிறவனுக்குத்தான் எல்லாரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். அடிக்காமல் நின்று, வருகிற பந்தை எல்லாம் சந்தேகப்பட்டு விட்டுவிடுகிறவனை யாரும் சீந்துவதில்லை. எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று தேடினேன். தொப்பை போட்டவர்கள், ஓட முடியாதவர்கள், மூன்று அணியிலிருந்து துரத்திவிடப்பட்டவர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் அடிமாட்டு விலைக்குப் பிடித்தேன். அந்தத் தோள் போன பிட்சரைப் பாதிச் சம்பளத்தை நாங்களே தருவதாகச் சொல்லி இன்னோர் அணியிடம் தள்ளிவிட்டேன். கடையில் தேங்கிய சரக்கைத் தள்ளுவதும் இதுவும் ஒன்றுதான்.

கால் தேறிக் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஆட்டம் என்னை விடவில்லை. ஜெயித்த நாளில் வீட்டுக்கு வழியில் பால்கோவா வாங்கிப் போவேன். தோற்ற நாளில் எனக்குச் சோறு இறங்காது. அந்த நேரத்தில் யாராவது ஃபேனைப் போட்டாலும் தப்பு, நிறுத்தினாலும் தப்பு. அணியைக் கட்டி இழுக்கிறவனுக்குத்தானே அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அப்போதுதான் அண்ணன் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். நாங்கள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்த சமயம். இடது கையால் எறிகிற அருமையான இளம் பிட்சர் ஒருவனை, ஒன்றுக்கும் உதவாத என் ஆள் ஒருவனுக்கு மாற்றாகத் தருவதாகச் செய்தி அனுப்பினார். அந்த இளைஞனுக்குச் சம்பளமும் குறைவு. என் பட்ஜெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தான். பெட்டியின் அடியைப் பார்த்தேன். காயம் இல்லை, ஒப்பந்தத்தில் வில்லங்கம் இல்லை. ஒரு குறையும் கிடைக்காததுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே அதேபோல இன்னொருவன் வந்தான். பிறகு, பிட்சர் எறிகிற பந்தைப் பிடிக்கிற கேட்ச்சர் ஒருவன் வந்தான். போன் போட்டு, "எதுக்கு அண்ணே எனக்கு இம்புட்டுச் செய்றீக?" என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி. உங்க வீட்ல எல்லாரும் சந்தோசமா இருந்தாச் சரி" என்றார். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் வீட்டைப் பற்றி ஏன் பேசுகிறார்?

என் சந்தேகம் எங்கே போய் நின்றது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் பிள்ளை இல்லாத வீட்டார், ஒரே கோயில் பங்காளி வீட்டில் இரண்டு மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவனைக் கேட்டு வாங்கித் தங்கள் மகனாக்கிக்கொள்வார்கள். பிள்ளை கூட்டுவது என்போம். வேலைக்குப் போகிற வளர்ந்த பிள்ளையைக்கூடக் கூட்டுவது உண்டு. சடங்கில் அவன் மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டால் தீர்ந்தது. அதோடு அவன் அந்த வீட்டு மகன். அதுவரை அப்பச்சி என்று அவன் கூப்பிட்ட, பெற்ற அப்பன் முறைப்படி அவனுக்குச் சித்தப்பா. இதை யாரும் வாசலில் வந்து நின்று பட்டென்று கேட்டுவிடுவதில்லை. முதலில் போக்குவரத்து கூடும். பிறகு பழம் வரும், பலகாரம் வரும். நாம் மறுக்க முடியாதபடி நன்றாகக் கடன்பட்ட பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

இங்கே பழம் வந்தாகிவிட்டது. பிட்சரும் வந்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கே வந்து பொருந்தியது. இளையவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கண்டனூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கேட்டால், பெரியப்பா வீட்டில் கேமரா மாட்டுகிறேன், வைஃபை வரவில்லை என்று ஏதாவது சொல்வான். அவ்வளவு பெரிய வீடானாலும் வாரா வாரமா ரிப்பேர் ஆகும்? கோட்டையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மனைவி, பட்டுப்புடவையை மாற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"அண்ணமிண்டியைப் பாத்தேன். நம்ம சின்னவன் நட்சத்திரம் என்னன்னு கேட்டாக."

அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. "நீ சொன்னியா?" என்றேன்.

"கேட்டாச் சொல்லாம என்ன செய்ய?"

"எதுக்குக் கேக்குறாகன்னு நீ கேக்கலையா?"

"ஒங்களை மாதிரி எல்லாத்தையும் தோண்டிக்கிட்டா இருக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜாதகம் பார்க்கத்தான் நட்சத்திரம் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மூத்தவன் எப்படியும் சிங்கப்பூரோடு போய்விட்டான். கடைசிக் காலத்தில் எனக்கென்று இருக்கிறவன் இவன் ஒருவன்தான். இவனை விட்டுவிட முடியாது. கண்டனூர் வீடும் சொத்தும் மலைபோல் இருந்தாலும் எனக்கு வேண்டாம். இதை மட்டும் அப்போது யார் கேட்டிருந்தாலும் கோயிலில் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன்.

மகனைக் கவனிக்க ஆரம்பித்தேன். போனில் பேசும்போது பக்கத்தில் போய் நின்றேன். வண்டியில் பெட்ரோல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்கு இறங்குகிறது, கூட இருந்து சரிபார் என்று நிறுத்தி வைத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் நின்று எல்போ, டீ என்று குழாய் இணைப்புகளை எண்ணி அடுக்கினான். பேசாமல் இருக்கிறான் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

சீசன் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. எல்லாரும் எள்ளி நகையாடிய என் அணி நடு இடத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் தொடர்ந்து சில ஆட்டங்கள் கையைவிட்டுப் போயின. உடனே அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. லீகிலேயே சிறந்தவன் என்று பேர் வாங்கிய தன் ஷார்ட்ஸ்டாப்பை, பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தை மறிக்கிறவனை, தருகிறாராம். பதிலுக்கு என்னிடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழட்டு ஆள் போதுமாம். கடையில் நின்றுகொண்டே படித்தேன். இப்படித் தூக்கிக் கொடுக்கிறவர் அடுத்து வாயைத் திறந்து கேட்கப்போகிறார் என்று தோன்றிவிட்டது. கடைப்பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கண்டனூருக்குப் போனேன்.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணமிண்டி, "வாங்க, வாங்க. வெயில்ல வாரீக, மோரு கொண்டாறேன்" என்று எழுந்தார்.

"மோரெல்லாம் இருக்கட்டும்" என்றேன். உட்காரவும் இல்லை. "அண்ணே, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். நான் கேக்காமலே ஆளுக்கு மேல ஆளாத் தர்றீக. என் சின்னவன் நட்சத்திரத்தை விசாரிக்கிறீக. அவனைக் கூட்டணும்னு நெனச்சிருந்தா இன்னைக்கோட விட்டுருங்க. நான் தர மாட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"உக்காரு தம்பி" என்றார் அண்ணன்.

"உக்கார வரலை. ஆமாவா இல்லையா, சொல்லுங்க."

"நாங்க கேக்கலை. அவன்தான் வந்து கேட்டான்."

எனக்குப் புரியவில்லை. "எவன்?"

"உன் மகன்தான். உனக்குக் கால்ல ஆப்பரேசன் ஆகுறதுக்கு முன்னாலேயே வந்தான். 'பெரியப்பா, என்னை நீங்க கூட்டிக்கிடுங்க'ன்னான். இந்தா, இவ அழுதுட்டா. சொத்துக்கு வந்தவன் இல்லைன்னு பாத்தாலே தெரிஞ்சது. பெத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில, அவன் மேல மனசு விட்டுப்போயி வர்ற பிள்ளையை நாங்க எப்படிக் கூட்டுறது? மாட்டோம்னு சொல்லி அனுப்பிச்சோம்."

அண்ணன் நிறுத்தவில்லை.

"உன்கிட்டப் பழகி மெதுவா எடுத்துச் சொல்லுவோம்னுதான் அந்த ஆட்டத்தைக் கொண்டாந்தேன். சொல்ல வாய் வரலை. நீ தோத்தா வீட்ல இருக்க முடியலைன்னு அவன் இங்குட்டு வந்து உக்காந்திருப்பான். அதான், நீ தோக்குறப்ப எல்லாம் ஒரு ஆளை விட்டுக் குடுத்தேன். ஜெயிச்சீன்னா அவனை விட்டு வைப்பேல்ல."

"நட்சத்திரம் கேட்டது அர்ச்சனைக்கு" என்றார் அண்ணமிண்டி. "உங்க பேருக்கும் சேத்துத்தான் பண்ணினோம்."

பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க மிகவும் முயன்றேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை. கொண்டுவந்து வைத்த மோரைக் குடிக்காமலே கிளம்பினேன். வண்டியில் வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது. அவமானமா கோபமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் இன்னொருவர் வாசலில் போய், என் அப்பன் வேண்டாம், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் பிள்ளை நின்றிருக்கிறான்.

வீட்டில் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தான். நான் நிற்பதைப் பார்த்துக் கழற்றினான்.

"பெரியப்பாகிட்டப் போயிக் கேட்டியா?"

அவன் மழுப்பவில்லை. "கேட்டேன்."

"நான் உனக்கு என்னடா கொறை வச்சேன்?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லை அப்பச்சி. நான் லேட்டா வந்தா, எங்க போனேன்னு நீங்க கேக்குறதில்லை. என்னத்தை மறைக்கிறேன்னு கேக்குறீக. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். முடியலை."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு இது முன்பே தெரியுமோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் கத்தினேன்.

"அப்பப் போ! இப்பவே போ! மஞ்சத்தண்ணியை நானே கரைச்சுத் தர்றேன்!"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"எங்க போறது அப்பச்சி? அவுகதான் மாட்டேன்னுட்டாகளே" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

என் மகனை யாரும் என்னிடமிருந்து பறித்துப் போகவில்லை. கேட்ட இடத்தில் எடுத்துக்கொள்ளாததால் என் வீட்டில் இருக்கிறான்.