படம் மட்டும் போன கேபிள்

பள்ளிக்கூடத்துக் கணினியை மேசையோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஊர்ச் சபை மண்டபத்துத் தொலைக்காட்சி இரும்புக் கூண்டுக்குள் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. திருட்டுக்குப் பயந்து செய்த வேலை, இப்போது இரண்டையும் அசைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் பள்ளி முற்றமும் ஒரு கல் சுவரும் இருந்தன. இவ்வளவு தூரம் கணினிப் படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக என்னால் முடியும் என்று சபையில் எழுந்து சொன்னவள் வெனான்சியா.

அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். அதற்கு முன்பு தலைநகர் லிமாவில் ஏழு வருஷம் ஓர் இணைய மையத்தில் வேலை பார்த்தாள். தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். முதலாளி சோம்பேறி என்பதால், பழுதான திரையைக் கழற்றுவது, கேபிள் மாற்றுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. எல்லோர் கைக்கும் செல்பேசி வந்த பிறகு மையத்தை மூடிவிட்டார்கள். ஒரு மூட்டைத் துணியோடும், முதலாளி குப்பையில் போடச் சொன்ன, கணினியைத் திரையோடு இணைக்கும் நீலத் தலை கேபிள்களோடும் அவள் சொந்த ஊரான பம்பாமார்க்காவுக்குத் திரும்பினாள். எதற்கு இந்தப் பாம்புக் குட்டிகள் என்று ஊர் சிரித்தது. லிமாவில் வாங்கிய சம்பளத்தில்தான் தம்பி ருஃபீனோவுக்கு ஓட்டுநர் உரிமம் எடுத்துக் கொடுத்திருந்தாள். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான்.

ருஃபீனோ ஓட்டிய வேன் போன வருஷம் கருங்கல் வளைவில் பள்ளத்தில் உருண்டது. செத்தவர்களில் தோரோத்தியாவின் கணவனும் மூத்த மகளும் இருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று ருஃபீனோ சொன்னான். ஊரும் நம்பியது. வேன் முதலாளி டவுன்காரன், கஞ்சன், பழைய வண்டியை ஓட்டச் சொன்னவன். அவனைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. தோரோத்தியாவும் அவனைத்தான் திட்டினாள். வெனான்சியாவோடு பேசுவதை அவள் நிறுத்தவில்லை. உருளைக்கிழங்கு உரிக்க அவளுக்குத் துணையாகப் பள்ளிக்கூடத்துக்குக்கூட வந்து உட்காருவாள். அந்தத் துணை இல்லாமல் வெனான்சியா அந்த வருஷத்தைத் தாண்டியிருக்க மாட்டாள்.

சிறையில் இருந்த ருஃபீனோவின் வழக்கில் கடைசி விசாரணை காணொளியில் நடக்கும் என்று தகவல் வந்தது. ஊரில் இணையம் வரும் ஒரே இடம் கணினி அறை. அதில் பத்துப் பேர் நிற்பதே கஷ்டம். செத்தவர்களின் வீட்டார் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சபை முடிவு செய்தது.

வெனான்சியா கேபிள்களை ஒன்றோடு ஒன்று பூட்டினாள். இணைப்புகளில் மழைநீர் இறங்காதபடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டினாள். கல் சுவரின் மேல் கேபிளைப் போட்டு, காற்றில் ஆடாமலிருக்க அதன்மேல் கல்லும் வைத்தாள். விசாரணைக்கு முதல் நாள் மாலை, பள்ளி ஆண்டு விழாப் புகைப்படங்களைப் போட்டுச் சோதித்தாள். நீண்ட கேபிள் ஆனதால் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் அதன் நிழல் போல இன்னொரு முகம் மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் ஆளை அடையாளம் காண முடிந்தது. ஊர்த் தலைவர் சிப்ரியானோ தன்னையே திரையில் பார்த்துவிட்டு, "ஒரு சிப்ரியானோவையே இந்த ஊரு தாங்கல, நீ ரெண்டா ஆக்கிட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புகைப்படம் பேசாது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வெனான்சியாவுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நீதிபதி திரையில் வந்து வாயைத் திறந்ததும்தான் தெரிந்தது. அந்தக் கேபிளில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. லிமா மையத்தில் எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள், அதற்குத் தனிக் கம்பி. இது தெரிந்தவள்தான், ஆனால் தூரத்தைத் தாண்டும் கவலையில் மறந்துபோனாள். கணினியின் ஒலிப்பெட்டியோ உள்ளங்கை அளவு. தகரக் கூரையில் விழும் மழையில் அது வாசல்படிக்கே கேட்காது.

அவள் முற்றத்தில் ஓடி மண்டபத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது. அறையில் கூட்டம் போட்டுச் சத்தம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று நீதிமன்ற எழுத்தர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அங்கே பேசும் ஸ்பானிஷும் மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியாது. என்ன செய்வது என்று சிப்ரியானோ யோசித்துக்கொண்டிருக்கும்போதே தோரோத்தியா பேசினாள்.

"நீ போய்க் கேளு வெனான்சியா. கேட்டுட்டு வந்து எங்களுக்குச் சொல்லு. நாங்க மூஞ்சியப் பாத்துக்கறோம்."

வேறு யாராவது போகட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அறையில் அவள் தனியாக உட்கார்ந்து கேட்டாள். வக்கீல்கள் பேசினார்கள். வண்டியைச் சோதித்தவர் பேசினார். நொறுங்கிய வண்டியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். கடைசியாக, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி ருஃபீனோவைக் கேட்டார். அவன் இளைத்திருந்தான். எழுந்து நின்று, ஸ்பானிஷை விட்டுவிட்டு ஊர்ப் பேச்சிலேயே ஆரம்பித்தான்.

"தோரோத்தியா அக்கா, நீ பாத்துட்டு இருப்பேன்னு தெரியும். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. முந்தின நாள் ராத்திரியும் சரக்கு ஏத்திட்டுப் போனேன். தூங்கவே இல்ல. வளைவுல கண்ண மூடிட்டேன். உன் மக என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. மாமான்னு கூப்பிட்டா. அதுக்கப்புறம்தான் முழிச்சேன். என்னை மன்னிச்சிடுக்கா."

அவன் தலை குனிந்தான். மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிஷில் சொல்லத் தொடங்கினார். தோரோத்தியா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத்தான் அவன் பேசினான். தோரோத்தியாவோ கல் சுவருக்கு அந்தப் பக்கம், அவன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தண்டனை ஆறு வருஷம் என்று நீதிபதி வாசித்தார். திரை கறுத்தது.

வெனான்சியா வெளியே வந்தபோது சிப்ரியானோ பாதி முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றார். ருஃபீனோவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் அவர். என்ன சொன்னான் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷம்னு மட்டும் சொல்லு. மன்னிப்புக் கேட்டான்னு சொல்லு. அது பொய் இல்லையே. இத்தனை நாளும் அந்தப் பொம்பளை டவுன்காரனைத் திட்டித்தான் உசிரோட இருக்கா. அதையும் பிடுங்கணுமா?"

வெனான்சியா மண்டபத்தை நோக்கி நடந்தாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். நாளைக்கும் தோரோத்தியா உருளைக்கிழங்கு உரிக்க வருவாள். வழக்குக் காகிதங்கள் டவுனில் யாரோ ஒரு வக்கீலின் அலமாரியில் கிடக்கும், படிக்க யாரும் போகப் போவதில்லை. மண்டப வாசலைத் தாண்டும்போதும் அவள் அப்படித்தான் செய்வதாக இருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆறு வருஷம் என்றாள். மன்னிப்புக் கேட்டான் என்றாள். சில தலைகள் அசைந்தன. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

தோரோத்தியா பெஞ்சிலிருந்து எழவில்லை. "என் பேரச் சொன்னானே" என்றாள். "வாயப் பாத்தேன். ரெண்டு மூஞ்சியா தெரிஞ்சுது, ரெண்டுமே என் பேரச் சொல்லுச்சு. மன்னிப்புக் கேக்க அவ்வளவு நேரமா?"

சிப்ரியானோ இருமினார். வெனான்சியா அவரைப் பார்க்கவில்லை. தம்பியின் சொற்களை அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். "மாமான்னு கூப்பிட்டா" என்ற இடம் வந்தது. அதையும் சொன்னாள்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியேறினார்கள். போகிற வழியில் ஒருத்தி வெனான்சியாவின் காலடியில் துப்பினாள். சிப்ரியானோ கூண்டைத் திறந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போனார்.

தோரோத்தியா மட்டும் மிச்சமிருந்தாள். "என்னை அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள்.

மழையில் இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். அறையில் ஒரே ஒரு நாற்காலி. தோரோத்தியா அதில் உட்கார்ந்து, இருண்ட திரையைப் பார்த்தாள்.

"இதுல பேசினா அவனுக்குக் கேக்குமா?"

"கேக்காதுக்கா. அவங்க முடிச்சுட்டாங்க."

"அவன் சொன்னத நீ கொண்டுவந்த. நான் சொல்றத யாரு கொண்டுபோவா?"

மாதக் கடைசியில் சிறைக்குப் போவேன் என்றாள் வெனான்சியா. பார்க்க விட்டால் சொல்கிறேன் என்றாள்.

தோரோத்தியா நாற்காலியைத் திரையிலிருந்து திருப்பிப் போட்டாள். ஈரப் பாவாடையை முழங்காலோடு இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"அப்ப உன்கிட்டயே சொல்றேன். ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. உக்காரு."

வெனான்சியா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.