திருநீற்றுச் சரை

அலுவலக உதவியாளர் அண்ணை ஓடி வந்தபோது நான் நூலகத்தில் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடுகிற ஆள் இல்லை. கூரை தீப்பிடித்தாலும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார் என்று அவரைப் பகிடி பண்ணுவோம். கையிலிருந்த தாளை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"தங்கச்சி, உன்ரை பிள்ளையைச் சோதனை எழுதேக்கை பிடிச்சுப்போட்டினம். எழுத்துள்ள பேப்பர் வைச்சிருந்ததாம்."

என் பிள்ளை என்று அவர் சொன்னது நான் பெற்ற பிள்ளையை அல்ல. எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறவள், உடுப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவளுக்கு ஓட்டிசம், புத்தகங்களில் மதியிறுக்கம் என்று போட்டிருக்கும். சேர்ந்த முதல் மாதமே வகுப்பில் எழும்பி நின்று, "சேர், நீங்கள் ஒன்பது நிமிஷம் பிந்தி வந்திருக்கிறியள்" என்று சொல்லி முறைப்பாடு வாங்கியவள். அன்றைக்கு அவளுடைய தாய் நூலகத்து மர வாங்கில் குந்தியிருந்து அழுதா. "வீட்டிலை சொல்லிக் குடுக்கலாம் அக்கா. ஆனால் உங்கடை இடத்திலை எது சரி, எது பிழையெண்டு எனக்கே தெரியாதே."

நானும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. நூலகத்துக்கு வந்த புத்தகங்களுக்கு உறை போடும்போது வாசித்து வாசித்து அறிந்ததுதான். "ஒழுங்காய் இரு" என்றால் அவளுக்கு அது வெறும் காற்று. எந்த இடத்தில், எந்த நேரம், என்ன செய்வது என்று சொல்லவேண்டும். அதனால் இருவருமாக ஒரு கொப்பியில் விதிகள் எழுதினோம். விரிவுரையாளர் பிந்தி வந்தால் நேரத்தைக் கொப்பியில் எழுதலாம், சத்தமாகச் சொல்லக்கூடாது. கன்ரீன் வரிசையில் முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் ஒரு கை தூரம். ஒருமுறை பார்த்தெழுதிய பெடியங்களின் பெயர்களை அவள் அலுவலகத்தில் வரிசையாய் ஒப்புவிக்க, அவர்கள் அவளுடைய பையைக் கிணற்றடியில் ஒளித்துவைத்தார்கள். அதன்பிறகு எழுதினோம்: அலுவலகத்தில் மற்ற ஆட்களின் பெயரைச் சொல்லக்கூடாது. சோதனைக்கென்றும் ஒன்று: எழுத்துள்ள தாள் கையில் இருந்தால் உடனே எழும்பி மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும்.

"என்ன பேப்பர் அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். திருநீறு கொட்டுண்டு கிடக்குது. பிள்ளைதான் எழும்பி, 'என்னட்டை எழுத்துள்ள தாள் இருக்கு' எண்டு சொன்னதாம். களவெடுக்கிற ஆக்கள் கையை உயர்த்திச் சொல்லுவினமே?"

அந்தத் தாள் என்னுடையது.

காலையில் கோப்பாயில் பிள்ளையாரைக் கும்பிட்டு, கொஞ்சம் திருநீறு எடுத்து வந்திருந்தேன். சோதனைக்குப் போகிற பிள்ளைக்குத் திருநீற்றைத் தாளில் பொட்டலமாய் மடித்து, திருநீற்றுச் சரை கொடுத்து அனுப்பாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. இயந்திரத்தின் பக்கத்தில், பழுதாய் வந்த கொப்பிகளைப் போடும் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து, பாதியாய்க் கிழித்து, திருநீற்றை மடித்து, அவளுக்குக் காட்டி, அவளுடைய பேனைப் பெட்டிக்குள் வைத்தேன். தாளில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் கொப்பி எடுத்துக் கொடுத்தது மின்னியல் பாடக் குறிப்புகள்.

பெட்டியைக் கிளறினேன். மற்றப் பாதி கிடந்தது. அதைக் கையில் பொத்திக்கொண்டு அதிபரின் அறைக்கு ஓடினேன்.

கதவு அரைவாசி திறந்திருந்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி நின்றாள். வெளியிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர், ஒரு அம்மா, மேசையில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தா.

"உது உம்மட்டை எப்பிடி வந்தது? ஆர் தந்தது?"

அவள் வாய் திறக்கவில்லை.

"சொல்லாட்டி கள்ளம் எண்டுதானே அர்த்தம்?"

அதிபர் பதமாகக் கேட்டார். "பிள்ளை, ஒரு பெயர்தான். சொல்லிப்போட்டுப் போய் எழுதும். இல்லாட்டி முழுச் சோதனையையும் ரத்துச் செய்ய வேண்டி வரும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளை எழுப்பி விட்டதும் என் விதி, இப்போது வாயைக் கட்டி வைத்திருப்பதும் என் விதி. இரண்டு வருடப் படிப்பை அவள் எனக்காக விட்டுக்கொண்டிருந்தாள். எனக்காகக்கூட அல்ல, கொப்பியில் எழுதியிருந்ததற்காக.

உடனே உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. நான் இன்னும் நிரந்தரமாகாத ஆள். சோதனைக்குத் தாள் கொடுத்தவள் என்றால் வேலை போகும். ஒரு நிமிடம், கூடவும் இருக்கலாம், கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவளுடைய ஆட்டம் கூடிக்கொண்டே போனது.

பிறகு போனேன். "சேர், நான்தான் குடுத்தது," என்று பாதித் தாளை மேசையில் வைத்தேன்.

அதிபர் இரண்டு பாதியையும் பொருத்திப் பார்த்தார். கிழிந்த ஓரம் சரியாய்ச் சேர்ந்தது. அவருடைய விரலெல்லாம் திருநீறு.

"திருநீறு மடிக்க உங்களுக்கு வேறை தாளே கிடைக்கேல்லையோ?"

"பாக்கேல்லை, சேர்."

"பிள்ளையாரைக் கொண்டே பிள்ளையை மாட்டிவிட்டிருக்கிறியள்," என்றா அந்த அம்மா. அதில் பகிடியும் இருந்தது, கோபமும் இருந்தது.

மிச்ச முப்பத்தைந்து நிமிடத்தையும் எழுத அதிபர் அவளை விட்டார். ஆனால் அறிக்கை மேலிடத்துக்குப் போகவேண்டும், முடிவு தன் கையில் இல்லை என்றார். நான் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் பெயரையே பிழையாய் எழுதி, வெட்டித் திருத்தினேன்.

மூன்று கிழமை. இருபத்தொரு நாளும் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போனேன். அவளும் மெலிந்துகொண்டு போனாள். "சோறு போட்டால் எண்ணி நாலு வாய்தான்" என்று தாய் தொலைபேசியில் சொன்னா. முடிவை நினைத்துத்தான் என்று தாயும் நானும் முடிவுகட்டியிருந்தோம்.

கடிதம் வந்தது. விடைத்தாளை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. நான் நூலகத்துக்கு ஓடி, அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை, சோதனை சரி வந்திட்டுது. இனிப் பயமில்லை."

"எனக்கு அதுக்குப் பயமில்லை அன்ரி. நான் பாத்து எழுதேல்லைத்தானே."

"அப்ப ஏன் மூண்டு கிழமையாய்ச் சாப்பிடேல்லை?"

அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "சோதனைக்கு வந்த அந்த மிஸ் பின்னாலை வந்து என்ரை தோளைப் பிடிச்சவ. சொல்லாமல் பிடிச்சவ. வாற கிழமை செய்முறைச் சோதனை. அதுக்கும் அவவோ?"

எனக்குத் தெரியாது. மூன்று கிழமையாய் என் பயத்தை அவளுடைய பயம் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை.

"தெரியாது பிள்ளை. அதிபரிட்டைக் கேட்டுச் சொல்லுறன். ஆர் வந்தாலும் தொடக்கூடாது எண்டும் சொல்லுறன்."

"எத்தினை மணிக்குச் சொல்லுவியள்?"

"பத்தரைக்கு," என்றேன்.

மணி பத்து இருபது. கையில் எச்சரிக்கைக் கடிதத்தோடு அதிபரின் அறைப் பக்கம் நடந்தேன். இந்த முறை வெளியே நிற்காமல் கதவைத் தட்டினேன்.