கறுப்பாய்ப் போன இரும்பு

என் மனைவியைப் பொய்க்காரி ஆக்கியது நீங்கள்தான். உடையார்கட்டில் ஓலைக் கொட்டிலுக்குள் புதன்கிழமைகளில் கர்ப்பிணிக் கிளினிக் நடத்திய தாதி நீங்கள். உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. வாசித்தால் உங்களுக்கே விளங்கும்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆட்கள். தபசுகால நோன்பில் இறைச்சியை விட்டிருக்கிறோம், மீனை விட்டதில்லை. சண்டையால் கரையை விட்டு உடையார்கட்டுக்கு ஓடிவந்த பிறகு நிவாரண அரிசி, பருப்பு, கோதுமை மா. அதற்கு மேல் வெறும் தேநீர். பசித்தாலும் தேநீர், சாப்பிட்டாலும் தேநீர். என் மனைவிக்கு முதல் பிள்ளை வயிற்றில் வந்தது அந்த வருடம்தான்.

முதல் நாள் நீங்கள் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தீர்கள். உள்ளே வெள்ளையாக இருந்தது. இரத்தம் காணாது, குறைவாக இருக்கிறது என்று சொல்லி இரும்புக் குளிசை தந்தீர்கள். உங்களுக்கு முன்னாலேயே ஒன்றை விழுங்கினாள், உடனே சத்தி எடுத்தாள். உங்கள் பிளாஸ்கில் இருந்து அரைக் கோப்பை தேநீரை ஊற்றிக் கொடுத்தீர்கள்.

"பிளேன்ரீயோட விழுங்கும். சத்தி வராது."

இரண்டாவது குளிசை வயிற்றில் நின்றது. நீங்கள் நல்ல மனத்தோடுதான் கொடுத்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு குளிசையையும் தேநீரோடுதான் விழுங்கினாள்.

அடுத்த மாதம் விரலில் குத்தி, இரத்தத்தைத் தாளில் ஒற்றி நிறம் பார்த்தீர்கள். ஏறவில்லை. வாங்கில் வரிசையாக ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கேட்டது.

"குளிசை குடிக்கிறீரோ?"

"ஓம் மிஸ்ஸி."

"குடிச்சா ஏன் ஏறேல்லை? எத்தினை பேர் பத்தைக்குள்ள எறியினம் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"எனக்கு வெளிக்குக் கறுப்பாத்தான் போகுது மிஸ்ஸி. எறிஞ்சா எப்பிடிக் கறுப்பாப் போகும்?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "விட்டா உவள் கொண்டுவந்தும் காட்டுவாள்" என்றாள் ஒருத்தி. உங்களுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உமக்கு வாயில மட்டும் இரத்தம் நல்லாக் கிடக்கு" என்று சொல்லி, கிளினிக் அட்டையில் 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதினீர்கள். பிறகு வெளியே வந்து என்னைப் பிடித்தீர்கள். "நீர்தானே புருசன்? பக்கத்தில நிண்டு விழுங்கப் பண்ணும்."

நான் நின்றேன். உங்களை நம்பினேன், அவளை நம்பவில்லை. காலையும் மாலையும் நானே தேநீர் ஊற்றினேன். சத்தி வரக்கூடாது என்று தேயிலைச் சாயத்தைக் கடுமையாகப் போட்டேன், கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்தேன். அவள் விழுங்கியதும், "வாயைத் திற" என்றேன்.

"இந்தாங்கோ பாருங்கோ. நாக்குக்குக் கீழயும் பாருங்கோ. மீனுக்குச் செவுள் கிளப்பிப் பாக்கிறனீங்கள்தானே, அப்பிடிப் பாருங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் நாக்குக்குக் கீழே பார்த்தேன். ஒன்றும் இருக்கவில்லை. அப்படியும், நான் திரும்பியதும் துப்புகிறாளோ என்று ஒரு சந்தேகம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் அவள் தேறவில்லை. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை குந்தினாள். அரிசி களையும்போது பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். நிவாரண அரிசியை வீணாக்குகிறாய் என்று ஏசினேன். இரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை போனபோது நீங்கள் குளிசையைப் பாதியாகக் குறைத்தீர்கள். "குடிக்கிற ஆக்களுக்கே காணாமல் கிடக்கு" என்றீர்கள்.

பிள்ளை ஒரு விடியற்காலை பிறந்தது. உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகள். அழுத சத்தம் எனக்கு வெளியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்குத்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போன இரத்தம் பெரிசா இல்லை. வேற ஆக்கள் எண்டால் தாங்கியிருப்பினம். இவவிட்ட முதலே ஒண்டும் இருக்கேல்லை." பிறகு அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "குளிசை குடிக்கேல்லைத்தானே?"

அவள் குடித்தாள் என்று நான் சொல்லவில்லை. அவள் உள்ளே செத்துக் கிடந்தாள், அந்த நேரத்திலும் நான் அவள் பக்கம் நிற்கவில்லை.

மகளுக்கு இரண்டு வயதானபோது அவளும் வெளிறிப் போனாள். புதுக்குடியிருப்பில் ஒரு இளம் டாக்குத்தரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இரும்புப் பாணி மருந்து எழுதித் தந்து, "ஐயா, இதோட தேத்தண்ணி குடுத்துப் போடாதையுங்கோ" என்றார்.

"ஏன் சேர்?"

அவருக்குப் பொறுமை இருந்தது. விழுங்கியதெல்லாம் உடம்பில் சேராது என்றார். சிறுகுடலின் உட்சுவர் உடம்பு துடைக்கிற துவாயின் பஞ்சு மாதிரி இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரல்கள் கோடிக்கணக்கில். சாப்பாட்டின் சத்தை அவைதான் இழுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். இரும்பை எடுப்பது இரைப்பையைத் தாண்டியதும் வருகிற முதல் துண்டுக் குடல். தேயிலைச் சாயம் அங்கே இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைக் குடல் எடுக்காது, அது அப்படியே வெளியே போய்விடும். தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரோடு குடித்தால் கூடுதலாகச் சேரும் என்றார். நாங்கள் தரப்பாள் கூடாரம் கட்டியிருந்த காணியில் தேசி மரம் நின்றது. காய்கள் கீழே விழுந்து அழுகும், நாங்கள் காலால் தள்ளிவிட்டு நடப்போம்.

என் மனைவிக்கு நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெறுங்காலோடயா திரிஞ்சவா?"

"ஓம். செருப்பு எங்க இருந்தது?"

"அப்ப கொக்கிப்புழுவும் இருந்திருக்கும். அது குடல்ல கடிச்சுக்கொண்டிருந்து இரத்தம் குடிக்கும். மீனும் இல்லை. மீனில இருக்கிற இரும்பு லேசாச் சேரும், அதுவும் நிண்டு போச்சு. தேத்தண்ணி மட்டும்தான் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா கறுப்பாப் போனது எண்டால் அவா குடிச்சிருக்கிறா ஐயா. சேராத இரும்புதான் அப்பிடிப் போகும்."

கிளினிக் வாங்கில் பெண்கள் சிரித்த அந்தக் கதைதான் சாட்சி. அவள் அதை உங்களுக்கு நேரே சொன்னாள். படித்த உங்களுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

நான் செய்ததை மறைக்கவில்லை. சாயத்தைக் கடுமையாக்கி ஊற்றியது என் கை. அதற்கு நான் ஆண்டவருக்கும் மகளுக்கும் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இன்றைக்கும் அந்தக் கொட்டிலில் இருக்கிறீர்கள். குளிசை வேண்டாம் என்கிற பெண்களிடம், "அந்தப் பிள்ளை மாதிரி எறிஞ்சுபோட்டுச் சாகப் போறீரோ?" என்று கேட்கிறீர்களாம். என் தங்கை கர்ப்பிணியாக அங்கே வந்து, தன் காதால் கேட்டுவிட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். இன்னும் சில வருடத்தில் என் மகள் பள்ளிக்கூடம் போவாள். உன் அம்மா மருந்தை எறிந்து செத்தவள் என்று யாராவது அவளுக்குச் சொல்வார்கள்.

ஆகவே கேட்கிறேன். என் வீட்டுக்கு வந்து தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம், அது எனக்குத் தேவையில்லை. வருகிற புதன்கிழமை வாங்கு நிறையப் பெண்கள் இருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள்: அவள் குடித்தாளா, எறிந்தாளா? எதோடு விழுங்குகிறாய் என்று ஒரு தடவையாவது அவளிடம் ஏன் கேட்கவில்லை? மகளைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.