எட்டாவது வளைவும் அரம் பட்ட மேனிஃபோல்டும்

1987 செப்டம்பர் 17. அன்று காலை தென்னாற்காடு மாவட்டத்தின் சாலைகள் நின்றுபோயின. தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தத் திசையிலும் ஒரு சக்கரம் உருளவில்லை.

வண்டி ஓட்டிப் பிழைத்த சுப்புராயனுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. தியாகதுருகத்தில் பிறந்தவர். கச்சிராயப்பாளையம் சாலையில் வீரமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தார். மனைவி திருநாவலூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. முதலில் ஆடிக்குப் போனாள், பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனாள், பிறகு காரணம் சொல்வதை இருவருமே விட்டுவிட்டார்கள்.

அவரிடம் ஒரு பெட்ரோல் ஜீப் இருந்தது. பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய வண்டி. முன்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் லீவர் வெறும் அலங்காரம். இழுத்தால் கையோடு வரும். சந்தை நாளில் வெள்ளிமலைக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப் போவார். மலைப்பாதையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் வண்டி முக்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் இறங்கிவிடுவார்கள். சுப்புராயன் சரக்கோடு வண்டியை மேலே ஓட்டிப்போய், பாதை சமமாகும் இடத்தில் நிறுத்திக் காத்திருப்பார். மற்றவர்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள்.

அவருக்குப் பிடிக்காதது அந்தக் காத்திருப்புதான்.

காரணம் தைலம்மாள். கருவாடு விற்கிறவள், கணவனை இழந்தவள். முன்சீட்டில் மடியில் கூடையோடு உட்கார்ந்து கச்சிராயப்பாளையத்தில் ஒரு கதையை ஆரம்பிப்பாள். பக்கத்துத் தெருச் சண்டை, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணம், எதுவாகவும் இருக்கும். கதை சூடுபிடிக்கும்போது சரியாக எட்டாவது வளைவு வந்துவிடும். மேலே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் சுப்புராயனுக்குக் கீழே மரங்களுக்கு நடுவிலிருந்து சிரிப்பு மட்டும் கேட்கும். அவர்கள் வந்து சேரும்போது கதை முடிந்திருக்கும்.

"அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்பார்.

"அது நடந்து வந்தவங்களுக்கு, டைவரே" என்பாள் தைலம்மாள். பின்சீட்டில் மறுபடி சிரிப்பு எழும். வெள்ளிமலை விவசாயி சின்னக்கண்ணு மட்டும் பாவப்பட்டு ஏதாவது சொல்ல வாயெடுப்பார். "யோவ், நீ சும்மா குந்து" என்று அவரை அடக்கிவிடுவாள்.

மறியல் தொடங்கியதும் ஒர்க்‌ஷாப் பையன்கள் எல்லோரும் சாலைக்குப் போய்விட்டார்கள். சுப்புராயன் அந்தச் சாதி இல்லை. அவரை யாரும் வா என்று கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வீரமுத்து சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"நீ பாத்துக்க. ரோடே இல்ல, வண்டி எவன் எட்த்தாரப் போறான்?"

"நீங்களும் போறீங்களா?"

"போவாம? எம் பையன் படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு கீறான்."

ஷட்டர் பாதி இறங்கிய ஒர்க்‌ஷாப்பில் சுப்புராயன் தனியாக இருந்தார். டீக்கடை இல்லை, பஸ் ஹாரன் இல்லை. தூரத்தில் கோஷம் ஏறி இறங்கியது. ரேடியோவில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி சொன்னார்கள். அணைத்துவிட்டார். பேச ஆள் இல்லாத நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஜீப்பின் பானெட்டைத் தூக்கினார்.

ஒரு முறை வீரமுத்துவோடு சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போயிருந்தார். அங்கே ஒரு மெக்கானிக், இஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வார்ப்புக் குழாயை, அதாவது இன்டேக் மேனிஃபோல்டை, மடியில் வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். "வழி அகலமா, வழுவழுன்னு இருந்தா வண்டி பறக்கும்ணே" என்றான். பறந்ததையும் சுப்புராயன் கண்ணால் பார்த்தார்.

அந்தப் பேச்சு இப்போது ஞாபகம் வந்தது. எட்டாவது வளைவில் யாரும் இறங்க வேண்டாம் என்றால்? கதை முழுவதும் முன்சீட்டிலேயே நடந்து முடிந்தால்?

மேனிஃபோல்டைக் கழற்றினார். உள்ளே வார்ப்பு மணல் பதிந்த சொரசொரப்பு. உருண்டை அரத்தால் தேய்த்தார். இஞ்சின் பிளாக்கோடு சேரும் இடத்தில், கசியாமலிருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட் தகட்டின் ஓட்டை ஒரு அளவு, மேனிஃபோல்டின் ஓட்டை வேறு அளவு. நடுவில் படி மாதிரி ஒரு விளிம்பு. அதையும் எடுத்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம். வெளியே இன்னும் சாலை திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அகலம், இன்னும் கொஞ்சம் வழுவழுப்பு என்று போனார். உப்புத்தாள் போட்டு, விரலை விட்டுத் தடவினால் கண்ணாடி போல வழுக்கும் வரை விடவில்லை. இரும்புத்தூள் கைரேகையில் படிந்து, சோற்றிலும் அதே ருசி.

மறியல் முடிந்து, மரங்களை ஓரத்துக்கு இழுத்துப் போட்ட பிறகு முதல் சந்தை நாள் வந்தது. நிழல் போன சாலையில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஜீப் பறந்தது. பொய் இல்லை, மிதிக்க மிதிக்கப் போனது.

"இன்னா டைவரே, வண்டிக்குச் சாராயம் ஊத்தினியா?" என்றாள் தைலம்மாள்.

"மேல பாரு, இன்னிக்கு யாரும் எறங்க வேணாம்."

"மெய்யாலுமா?"

"குந்திக்கினே வெள்ளிமல."

அவள் கதையை ஆரம்பித்தாள். அக்காள் தங்கை இருவருக்கு ஒரே நாளில் பெண் பார்க்க வந்த கதை. மூன்றாவது வளைவில் வண்டி இருமியது. நான்காவதில் மிதித்தார், இஞ்சின் விக்கியது. ஐந்தாவது வளைவின் நடுவில் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. சின்னக்கண்ணு குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"எட்டு அஞ்சாயிட்சே டைவரே" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள்.

சுப்புராயன் அரை கிளட்சில் இஞ்சினைக் கதறவிட்டு, சரக்கோடு மேலே போய்ச் சேர்ந்தார். கிளட்ச் கருகிய வாடை. அணைத்ததும் இஞ்சின் சூடு தணிந்து டிக் டிக் என்றது. பிறகு அதுவும் நின்றது. மேகம் ஒன்று பாதை மேல் இறங்கி, வந்த வழியை மறைத்துவிட்டு நகர்ந்தது. எட்டாவது வளைவிலிருந்து நடந்து வந்தால் அவர்கள் சிரிப்பாவது கேட்கும். ஐந்தாவது வளைவு வெகு கீழே. ஒன்றும் கேட்கவில்லை. ஹாரனை ஒரு முறை அடித்துப் பார்த்தார். பதில் சொல்ல யாரிடமும் ஹாரன் இல்லை.

அவர்கள் வியர்த்து, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்தார்கள். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

சந்தையில் தைலம்மாள் எப்போதும்போல் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். இரண்டு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டால் வாடைக்கே ஆள் வரும் என்பது அவள் வியாபாரம். விறகு ஈரம். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதினாள், தணல் சிவந்தது. சுப்புராயன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குழல் குறுகலாக இருப்பதால்தான் காற்று விசையோடு போகிறது. தண்ணீர்க் குழாய் அகலத்தில் ஒன்றை வைத்து ஊதினால் கன்னம்தான் வலிக்கும். ரேஸ் வண்டி முழு வேகத்தில் மூச்சிழுக்கிறது, அதற்கு அகல வழி வேண்டும். மலையில் மெல்ல ஏறும் வண்டிக்குக் கொஞ்ச மூச்சுதான். அகலக் குழாயில் அது சோம்பிப் போய், பெட்ரோல் காற்றோடு கலக்காமல் வழுவழுத்த சுவரில் துளித்துளியாக வழிந்திருக்கும்.

"நான்தான் கெட்த்துட்டேன்" என்றார்.

"எத?"

சொன்னார். அரம் போட்டதையும், எதற்காகப் போட்டார் என்பதையும். கடைசிப் பகுதியை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தைலம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"எறங்காம வரணும்னா எனக்குப் பஸ்ஸு இல்லையா? எட்டாவது வளவுல நீ எறக்கி வுடுவன்னுதான் உன் வண்டில ஏறுறேன்."

"நடக்கவா?"

"கீழ நான் ரோட்ல நடந்தா, எங்க போற, யாரு கூடப் போறன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. சிரிச்சா அதுக்கும் கேப்பாங்க. அந்த எடத்துல யாரு கீறா கேக்க?" நெத்திலியை ஓர் இலையில் வைத்து நீட்டினாள். "துன்னு. எளைச்சிப் போயிட்ட."

அவர் தின்றார். கதையின் முடிவைக் கேட்கலாமா என்று தோன்றியது. அதற்குள் ஒரு வாடிக்கைக்காரி வந்துவிட்டாள்.

அரம் தின்ற இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. வீரமுத்து, மகனுக்கு வேலை கேட்டு விழுப்புரம் போனவர், பழைய இரும்புக் கடையில் தேடி வேறொரு மேனிஃபோல்டு எடுத்து வந்தார். "இதையாவது வுட்டு வையிப்பா" என்றார்.

சுப்புராயன் இதில் உள்ளே கை வைக்கவில்லை. சொரசொரப்பை அப்படியே விட்டார். கேஸ்கெட்டோடு சேரும் இடத்தில் இருந்த விளிம்பை மட்டும் இழைத்து, இரண்டு ஓட்டையும் ஒரே அளவாகும்படி செய்தார். காற்று எங்கும் கசியாமல் புதுக் கேஸ்கெட் வைத்து இறுக்கினார்.

அடுத்த சந்தை நாளில் தைலம்மாள் புதுக் கதை ஒன்றை ஆரம்பித்திருந்தாள். ஆற்றில் போட்ட தாலி திரும்பி வந்த கதை. ஐந்து, ஆறு, ஏழு. வண்டி இருமவில்லை. எட்டாவது வளைவின் அடியில் மிதித்தபோது பெடலுக்குக் கீழே கொஞ்சம் பலம் மிச்சம் இருப்பது காலுக்குத் தெரிந்தது. கொஞ்சம்தான். ஆனால் போதும், ஆளோடு ஏறிவிடும்.

சுப்புராயன் பிரேக்கை மிதித்தார்.

"எறங்குங்க" என்றார்.

எல்லோரும் இறங்கினார்கள். அவர் வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போய், பாதை சமமாகும் இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்தார்.