மங்காஃபில் ஒரு ஃபார்வர்டும் ஒரு டிசம்பர் லீவும்

குவைத்தில் நர்ஸாக இருந்த காலத்தில் என் வெள்ளிக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி, இன்னொருவர் நாகர்கோவில் அக்கா. மங்காஃபில் ஒரே ஃப்ளாட்டில் மூவரும் இருந்தோம். எனக்கும் அக்காவுக்கும் வார்டும் ஒன்றுதான், குழந்தைகள் வார்டு.

வெள்ளிக்கிழமை நாங்கள் சோறு வடிக்கிற நேரத்துக்கு மணிலாவில் பாஸ்கெட்பால் ஆட்டம் தொடங்கிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே பிலிப்பைன்ஸ்காரி சொந்தக் காசில் டிஷ் வாங்கி மாட்டியிருந்தாள். அவள் ஊர் டீம் அது, அவள் கத்தலாம். அக்காவுக்கு என்ன வந்தது? பள்ளிக்கூடத்தில் ஆடினாராம், அந்த உரிமையில் பிலிப்பைன்ஸ்காரியைவிட உரக்கக் கத்துவார்.

அவர் வாயில் விழுந்து எழுந்தவன் அந்த டீமின் ஃபார்வர்டு, முன்னால் நின்று பந்தைக் கூடையில் போட வேண்டியவன். தென்னை மாதிரி வளர்ந்தவன், குறி தப்பாதவன். ஆனால் கூடைக்குக் கீழேயே நின்றுகொண்டு, கைக்கு வந்த பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவான். அக்காவுக்கு ரத்தம் கொதிக்கும்.

"போடுலே! கூடை தலைக்கு மேலதானலே இருக்கு? ஒனக்குக் கெடச்ச பந்த என்னத்துக்குலே அவனுக்கிட்ட குடுக்குக?"

பெஞ்சில் தலையில் பட்டை கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். எங்கே நின்றாலும் எறிந்து பார்க்கிற ரகம். அவனை ஆட்டத்தில் இறக்கிவிட்டு ஃபார்வர்டை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அக்காவின் தீர்ப்பு. இவன் கொடுப்பதால்தான் டீம் ஜெயிக்கிறது, கோச்சுக்குத் தெரியாதா என்பாள் பிலிப்பைன்ஸ்காரி. இருவருக்கும் பொது மொழி அரைகுறை இங்கிலீஷ். சண்டை முற்றினால் ஆளுக்கு ஒரு பாஷையில் திட்டிக்கொள்வார்கள். எனக்கு இந்த விளையாட்டில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. அக்காவைச் சீண்டுவதற்காகவே ஃபார்வர்டு பக்கம் சேர்ந்துகொண்டேன்.

"பாவம்க்கா, நல்ல பையன். விடுங்க."

"நல்ல பயலா இருந்தா கோயிலுக்குப் போட்டும் பிள்ளே. இங்க என்ன வேல?"

அந்த வருடம் அக்டோபரிலேயே அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். ஊருக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் சாமான் சேர்த்துக் கட்டுகிற பெட்டி. கம்பளி, சோப்பு, பிஸ்தா, பையன்கள் இருவருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. வார்டில் டிசம்பரில் ஒருவருக்குத்தான் லீவு. சீனியர் என்பதால் அந்த முறை அக்காவுக்கு. கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடி வருடக்கணக்காகிவிட்டது என்று அடிக்கடி சொல்வார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் போன். நாலு வயது மகளுக்குக் கண்ணில் ஆபரேஷன், கிறிஸ்துமஸ் வாரத்தில் டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார் என்றார். மகள் ரிசீவரைப் பிடுங்கி, "அம்மா, நீ வந்து கையப் பிடிச்சுக்கிறியா?" என்றாள். தினமும் யார் யார் பிள்ளைகளையோ ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவள் நான். வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் காசு தீர்ந்து லைன் அறுந்ததும், நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

அக்காவிடம் நான் கேட்கவில்லை. கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது? பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். பிலிப்பைன்ஸ்காரியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவள்தான் என்னை உட்காரவைத்து விஷயத்தைக் கறந்தாள், கறந்த கையோடு அக்காவிடமும் போட்டுவிட்டாள்.

மறுநாள் டியூட்டிக்குப் போனால் ஹெட் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, உன் லீவு உறுதி, டிக்கெட் போடு என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். ஓடிப்போய் மறித்தேன்.

"என்னக்கா இது? பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

"கிறிஸ்மஸ் அடுத்த வருசமும் வரும் பிள்ளே. ஒனக்க கொச்சுக்கு ஆப்பரேசன் அடுத்த வருசம் வருமா? வழிய விடு. பெட்டிய மட்டும் எனக்க வீட்டுல கொண்டு குடுத்துரு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்க ஊசி போடும்வரை மகள் என் சுண்டுவிரலை விடவே இல்லை. கட்டுப் பிரித்த மறுநாள் டாக்ஸி பிடித்து, பெட்டியோடு நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் பெட்டியை இறக்கினான். சின்னவன் பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல் டாக்ஸிக்குள் எட்டிப் பார்த்தான். பின்சீட்டைப் பார்த்தான், சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

குவைத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை. டிவியில் கண்ணை வைத்தபடியே அக்கா கேட்டார், "பயலுவ என்ன சொன்னானுவ?"

"சட்டை அளவு சரியா இருந்துச்சுக்கா" என்றேன். சின்னவனைப் பற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஃபார்வர்டு கூடைக்குக் கீழே, கையில் பந்து, எதிரே மறிக்க ஆளில்லை. பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்துவிட்டான். அக்கா கரண்டியோடு எழுந்துவிட்டார்.

"ஒனக்குக் கெடச்சத என்னத்துக்குலே அடுத்தவனுக்குக் குடுக்குக? கிறுக்குப் பயலே! இவன எடுத்து வெளிய போடுங்க!"

என்னால் அடக்க முடியவில்லை. "ஏன்க்கா, டிசம்பர் லீவு யாருக்குக் கெடச்சது?"

பிலிப்பைன்ஸ்காரிக்கு என் தமிழ் புரியவில்லை. ஆனாலும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவனுக்கு பந்து போடத்தான் சம்பளம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "சின்னவன் கார்ல தேடுனானா?"

ஆமாம் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.