சலவை அக்கா நின்ற விதம்

சலவை அக்கா தன் கணவனைத் திருப்பி அடித்தது வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான். அதற்கு முன் பதினோரு வருஷம் அவன் அடித்திருக்கிறான். கை, பெல்ட், செருப்பு, ஒரு தடவை சூடான இஸ்திரிப் பெட்டி. பெட்டியின் மூக்கு பதிந்த தழும்பு அவருடைய இடது தோளில் இன்றும் இருக்கிறது.

அக்காவுக்கு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் துணிமூட்டையைப் பிரித்து, ரத்தக்கறை உள்ளதைத் தனியாக எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு வெந்துவிடும், பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. இயந்திரம் வாரத்தில் பாதி நாள் படுத்துவிடும். அப்போதெல்லாம் நனைந்த போர்வைகளைக் கையால்தான் முறுக்கிப் பிழிவார்கள். பிழிந்து பிழிந்து அக்காவின் முன்கைகள் கயிறு திரித்ததுபோல் இறுகியிருந்தன. இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று பின்னாளில் எங்கள் ஓவியக் கல்லூரியில் ஒருத்தி கேட்டாள். "பலம் இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியலையே" என்றார்.

அந்த நாள் ஒரு ஞாயிறு. பகல் பன்னிரண்டு மணி. கணவன் லாரி ஓட்டுபவன். ஐந்து நாள் கழித்து வீடு திரும்பியிருந்தான். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் அவன் கூப்பிட்டது கேட்கவில்லை. அவ்வளவுதான் குற்றம். அவன் தகரக் கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பிய்ந்து தெறித்தது. ஈரக் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். கதவு நிலையில் அவர் நெற்றி மோதியது. சமையலறைத் தரையில் முழங்கால் உராய்ந்து தோல் வழன்றது. விலாவில் ஓர் உதை, அதே இடத்தில் இன்னொன்று. மூன்றாவது உதைக்கு அவன் காலைத் தூக்கியபோது, அடுப்போரம் இருந்த இரும்பு வாளியின் பிடி அக்காவின் கையில் அகப்பட்டது. வாளியில் பாதி தண்ணீர் இருந்தது.

முதல் வீச்சு அவன் காறை எலும்பில் இறங்கியது. காய்ந்த சுள்ளியை முறிக்கிற சத்தம் கேட்டதாம். அவன் விழுந்தான். அக்கா எழுந்து நின்று இரண்டாம் முறை வீசினார். முழங்கால் சில்லு நொறுங்கியது. மூன்றாவது வீச்சுக்கு வாளியைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கிடந்தவன், "வேணாம், வேணாம்" என்றான். அந்த வீட்டில் அதுவரை அந்தச் சொல்லைச் சொல்லிவந்தவர் அக்கா ஒருவர்தான்.

வாளியை இறக்கிவைத்தார். உள்ளே போய்க் குழாயை மூடினார். சேலை கட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று மருத்துவமனையில் கணவன் எழுதிக் கொடுத்தான். பெண்டாட்டியிடம் அடி வாங்கியதாகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவன் படுத்திருந்த வார்டின் துணிமூட்டை அக்காவிடமே வந்தது. வழக்கம்போலப் பிரித்து ஊறப்போட்டார். கட்டு அவிழ்த்ததும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவன், பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வந்தது அக்காவின் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காதான் ஆளாக்கி, ஒயர் வேலை கற்றுக்கொள்ள அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தார்.

"ஆயிரம் இருந்தாலும் மாமா இல்லையா. கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்ல" என்றான்.

"இஸ்திரிப் பெட்டி வரைக்கும் பொறுத்தேன்டா."

அவனுக்கு அது தெரியும். அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததே அவன்தான். டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

நான் அக்காவைப் பார்த்தது இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் கழித்து. மருத்துவமனைக்குப் பின்புறம் எங்கள் ஓவியக் கல்லூரி. எங்கள் டீச்சர் ஐம்பதைத் தாண்டியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். உருவம் வரையும் வகுப்புக்கு மாடலாக வந்துகொண்டிருந்த அம்மாள் நின்றுவிட்டதால், நேராகச் சலவைக் கூடத்துக்குப் போய் அக்காவிடம் கேட்டார்.

"வாரத்துல ஒரு நாள், மூணு மணி நேரம். பிள்ளைங்க உங்களைப் பார்த்து வரைவாங்க. துணி இல்லாம உட்காரணும்."

"வேற என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அசையாம இருந்தா போதும்."

"யாராவது தொடுவாங்களா?"

"தொட்டா கையை ஒடிச்சுருவேன்."

"அதை நான் பாத்துக்குவேன், நீங்க சிரமப்படாதீங்க" என்றாராம் அக்கா.

முதல் நாள் வகுப்பில் பதினோரு பேர் இருந்தோம். அக்கா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள்தான் கூச்சத்தில் நெளிந்தோம். இடைவேளையில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பதினோரு படத்திலும் அந்தப் பெண்ணின் கழுத்து தொங்கியிருந்தது, தோள் சரிந்திருந்தது. என் படத்தில் கூடுதலாகக் கையால் முகத்தை மூடியிருந்தாள்.

"ஏம்பா, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். "நான் நேராத்தானே உட்கார்ந்திருந்தேன். எல்லாருமாச் சேர்ந்து என் தலையைக் கவுத்துட்டீங்க."

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "துணி இல்லாத பொம்பளைன்னா ஒண்ணு அழகு, இல்லன்னா பாவம். அதைத் தாண்டி இவங்க கை போகல. உங்க உடம்புல வேற என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா யோசித்தார். "கோபம் இருக்கு."

"எங்க இருக்கு? முகத்துலயா?"

"முகத்தை நம்ப முடியாதுங்க. அந்தாளு சிரிச்சுக்கிட்டே வருவான். நான் தோளைத்தான் பார்ப்பேன். அடிக்கப் போறான்னா முதல்ல தோள் சொல்லிரும். அப்புறம் கால் கட்டைவிரல். தரையை இறுக்கிப் பிடிக்கும்."

பிரஷ் கழுவ வைத்திருந்த இரும்பு வாளி மூலையில் இருந்தது. அக்கா போய் அதை எடுத்தார். போர்வையை விட்டுவிட்டு, கால்களை அகற்றி ஊன்றி, வாளியைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அதற்கு முன்பும் பின்பும் நான் எத்தனையோ உடல்களை வரைந்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அடிவயிறு முதுகெலும்போடு ஒட்டியது. தொடைத் தசை தோலுக்கடியில் ஓடி ஓடி நின்றது. விலாவில், முன்பு உடைந்து ஒழுங்காகக் கூடாத எலும்பு ஒன்று வெளியே முட்டியது. கால் விரல்கள் சிமெண்டைக் கவ்வின. வாளியின் அழுக்குத் தண்ணீர் அவர் கையில் வழிந்து அக்குள் வரை இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஒருவன் தன்னையறியாமல் முக்காலியைப் பின்னால் நகர்த்தினான். யாரும் வரையவில்லை. என் கையில் கரித்துண்டு எப்போது பொடியானது என்று தெரியாது.

"இறக்காதீங்க" என்றார் டீச்சர்.

அந்த நிலையில் நாலு நிமிஷத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. நாலு நிமிஷம் நிற்பது, பத்து நிமிஷம் ஓய்வு என்று மூன்று மாதம் நடந்தது. டீச்சர் ஆளுயரக் கித்தானில் வரைந்தார். முகத்தை மூன்று தடவை தீட்டி மூன்று தடவையும் சுரண்டி எடுத்தார். கடைசியில் ஈர முடி முகத்தை மூடிவிட்டது. தழும்பு மட்டும் தோளில் தெளிவாக வந்தது. படத்துக்கு 'ஞாயிறு, பகல்' என்று பெயர் வைத்தார்.

கண்காட்சி தொடங்கிய மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. ஊரில் ஒருவருக்கும் அது யாரென்று தெரியாது. தம்பிக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் பகல் பதினொன்று. வாசலில் வருகைப் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாலைந்து பேர். அக்கா அப்போதுதான் சலவைக் கூடத்து நீலச் சீருடையோடு வந்து, டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். தம்பி பதிவேட்டில் பெயர்கூட எழுதினான். ஒழுங்கான கையெழுத்து. உள்ளே நடந்துபோய், இடுப்பிலிருந்து ஒயர் சீவும் கத்தியை எடுத்து, படத்தின் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்தான். கித்தான் அலறுவது போலக் கிழிந்தது. இரண்டாவது இழுப்பு மார்புக்குக் குறுக்கே. மூன்றாவதற்கு ஓங்கும்போது அக்கா அவன் கையைப் பிடித்தார்.

அவன் யாரென்று பார்க்காமலே உதறினான். கத்தி அக்காவின் இடது முன்கையை முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை திறந்தது. பார்த்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. இன்னொரு கையால் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"ஊருக்கு முன்னால அம்மணமா நிக்கிறியே, வெக்கமா இல்லையா உனக்கு?"

அக்கா அவன் வாயில் முழங்கையால் இடித்தார். அவன் மல்லாந்து விழுந்தான், கத்தி சறுக்கிக்கொண்டு சுவரோரம் போனது. அவர் அவன் மார்பின் மேல் முழங்காலை ஊன்றி, ரத்தம் கொட்டுகிற அதே கையால் அவன் முகத்தில் குத்தினார். "எதுக்குடா" என்று ஒரு குத்து. "எதுக்குடா" என்று இன்னொன்று. அவன் உதடு கிழிந்தது, மூக்கு ஒருபக்கம் மடங்கியது. யாருடைய ரத்தம் எது என்று தெரியவில்லை. நானும் டீச்சரும் இன்னும் இரண்டு பேருமாக அவரை இழுத்தோம். நாலு பேராலும் முடியவில்லை. அவன் "அக்கா" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கை நின்றது.

காவல்துறை அவனைக் கொண்டுபோனது. அக்காவின் கையில் முப்பத்திரண்டு தையல். இரண்டு விரல்களின் நரம்பு அறுந்திருந்தது.

நாலு நாள் கழித்துத் தம்பியின் மனைவி கல்லூரிக்கு வந்தார். கட்டுப்போட்ட கையோடு அக்காவும் அங்கே இருந்தார். வந்தவர், படத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பொருள்கள் போட்டுவைக்கும் அறையில், கிழிந்த கித்தான் சுவரில் சாய்ந்திருந்தது. வெகுநேரம் அதன் முன்னால் நின்றார்.

"அண்ணி, தூக்கினப்ப கை நடுங்குச்சா?"

"தூக்கினப்ப இல்ல. இறக்கி வச்சப்புறம் ரெண்டு நாள் நடுங்குச்சு. சோத்தை அள்ள முடியல."

அவர் தலையாட்டிவிட்டு ரவிக்கையின் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள், மேல்கையில் விரல் பதிந்து மஞ்சள் பாய்ந்திருந்த காயத்தை நாங்கள் பார்த்துவிட்டோம். அக்கா முகம் வெளிறியது. "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். "கல்யாணமான மறு மாசத்துலேர்ந்து" என்றார் அவர். அன்று மாலையே மகளையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜாமீனில் வெளியே வந்ததும் தம்பி ஒரு சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். புகாரைத் திரும்ப வாங்க வேண்டும், பெண்டாட்டியை அனுப்ப வேண்டும். அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

"கூடப் பிறந்தவன்மா, ஏதோ ஆத்திரத்துல பண்ணிட்டான்" என்றார் சித்தப்பா.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "படத்தைத்தானே கிழிக்கப் போனேன். உன்னை வெட்டவா வந்தேன்? நம்ம மானம் போச்சேன்னுதான் கத்தி எடுத்தேன்."

"உன் மாமன் என் தோள்ல இஸ்திரிப் பெட்டியை வச்சு அழுத்தினான். நீ மருந்து வாங்கிட்டு வந்தே. அன்னைக்கு உன் கத்தி எங்கடா இருந்துச்சு?"

தம்பி சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"நான் வளர்த்த கை உனக்கு. அதே கையால அவளை அடிச்சிருக்கே. போ, கோர்ட்டுல பார்ப்போம்."

சித்தப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி மனைவி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

வழக்கு ஒன்றரை வருஷம் இழுத்தது. தம்பிக்கு நாலு மாதச் சிறை. டீச்சர் கிழிந்த படத்தை ஒட்ட முயன்று கைவிட்டார். புதிதாக வரையலாம் என்றால் அக்காவால் இனி வாளியைத் தூக்க முடியாது. சலவைக் கூடத்தில் அவரைப் பிழியும் வேலையிலிருந்து மடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தம்பி மனைவிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. இருவருமாகப் போர்வையின் இரு முனைகளைப் பிடித்து மடிப்பார்கள். அக்கா இப்போதும் வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு வருகிறார், வேறு பிள்ளைகள் வரைகிறார்கள்.

தம்பி அந்தத் தெருப்பக்கம் ஒயர் வேலைக்கு வருவதுண்டு. அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவான். அக்கா நின்று அவன் போவதைப் பார்ப்பார்.