இந்த முடி யாருது?

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. 1951, பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில், முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. பேய் என்றால் அமாவாசை, சுடுகாடு, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்கிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளுங்கள். தாமோதரன் தன் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தாமோதரன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுபவர். சபா நாடகங்களில் பதினெட்டு வருடமாக அவர்தான் ஸ்திரீ பார்ட். நாற்பத்திரண்டு வயது, தொப்பை, முழங்கால் வலி. ஆனால் ஒரு நாள்கூட மேடைக்குள் நுழையும் நேரத்தைத் தவறவிட்டதில்லை. மனுஷனுக்கு அந்த ஒரு பெருமைதான் மிச்சம். அதற்கும் வேட்டு வைத்தார் சபா செயலாளர் லோகநாதன். "மாமு, இதான் உனுக்குக் கடைசி சான்ஸு. கோட்டை வுட்டே, அடுத்த நாடகத்துக்கு நெசப் பொம்பளையையே இட்டாந்துருவேன்."

நாடகம், 'ராஜகுமாரிக்கு ரேஷன் இல்லை'. பெரியவர்களுக்கான கேலி நாடகம். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் ராஜகுமாரியின் ஒற்றைத் தலைமுடி தண்ணீரில் மிதந்து வருகிறது. அதைப் பார்த்து மயங்கிய ராஜகுமாரன் அவளைத் தேடி வருகிறான். வந்தால், அவள் தகர டின்னோடு மண்ணெண்ணெய் க்யூவில் நிற்கிறாள். "குதிரையை ஓரமா கட்டுய்யா, க்யூ கலையுது!" என்று எரிந்து விழுகிறாள். ராஜகுமாரன் வேடம் ரகுபதிக்கு. தாமோதரனின் இருபது வருடத் தோஸ்து. வழுக்கைத் தலை, பெண்டாட்டி பிள்ளை இல்லாத தனிக்கட்டை.

சபாவின் பழைய டோப்பாவைப் பூச்சி அரித்துவிட்டது. ராஜகுமாரிக்கு முடி வேண்டுமே. எண்ணூர்ப் பக்கம் போன தாமோதரன், முகத்துவாரக்குப்பத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலின் மூங்கிலில் இடுப்பளவு முடி கட்டித் தொங்குவதைப் பார்த்தார். காணிக்கை முடி. பெரிய கோயில்களில் இதை ஏலம் விடுவார்கள், எப்படியும் விற்கப்போவதுதானே என்று நினைத்துக்கொண்டார். கேட்க அங்கே ஆளும் இல்லை. அவிழ்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

முடி ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு, பதினாறு மணி நேரம் வின்ச் ஓட்டிவிட்டு 5.15க்குக் கொட்டகைக்கு வந்தார். உடம்பில் ஒரு எலும்புகூடச் சொன்னபடி கேட்கவில்லை. 6 மணிக்கு முகத்துக்கு வர்ணம். பச்சைப் புடவை. அந்த முடியை வலைத்தொப்பியில் தைத்துச் செய்த டோப்பாவை ஆணியில் மாட்டினார். 6.30க்கு நாடகம் தொடங்கியது. ராஜகுமாரி வருவது 7.10க்குத்தான். பத்தே நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சுவரில் சாய்ந்தார்.

சிரிப்புச் சத்தத்தில் விழித்தார். கடிகாரம்... 7.22.

அடப்பாவி, தொலைந்தேன்!

ஆணியைப் பார்த்தார். டோப்பா இல்லை. ஆணிக்குக் கீழே தரை ஈரம். அந்த ஈரம் மேடை வரைக்கும் கோடாகப் போயிருந்தது...

பக்கத் திரையை விலக்கினார்.

மேடையில் ராஜகுமாரி நின்றுகொண்டிருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. அவர் கட்டியிருந்ததைப் போலவே பச்சைப் புடவை. கையில் காலி டின். அதிலிருந்து சொட்டு... சொட்டு... சொட்டு...

அவர் தைத்த முடி இடுப்பளவு. இந்த முடி கணுக்காலைத் தொட்டது.

ரகுபதி ஒற்றை முடியைத் தூக்கிப் பிடித்தார். "இந்த முடி யாருது?"

'என்னுதுதான், பேனோட சேத்து எடுத்துக்கோ' என்று ராஜகுமாரி சொல்ல வேண்டும்.

"எம் புருசன் வந்துட்டானா?"

அவளிடமிருந்து வந்தது தாமோதரனின் குரல். அவருடைய சொந்தக் குரல். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

"எம் புருசன் வந்துட்டானா?"

இன்னும் சிரித்தார்கள்.

"எம் புருசன்... வந்துட்டானா?"

தோஸ்து வசனத்தை மறந்துவிட்டான், காப்பாற்றுவோம் என்று ரகுபதி கையை நீட்டினார். "வந்துட்டேம்மே! கண்ணு தெர்ல? வா, வூட்டுக்குப் போலாம்."

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

7.25. திரை விழுந்தது.

திரைக்குப் பின்னால் ரகுபதி மட்டும் நின்றிருந்தார். தரையில் டோப்பாவின் வலைத்தொப்பி. அதில் ஒரு முடிகூட இல்லை. உள்ளே வந்த தாமோதரனைப் பார்த்து ரகுபதி கேட்டார், "இன்னாடா தாமு, அதுக்குள்ள எங்க ஓட்னே? உன் கை ஏன் அப்டி சில்லுனு இருந்துச்சு?"

லோகநாதன் ஓடிவந்து தாமோதரனைக் கட்டிக்கொண்டார். "மாமு! பதினெட்டு வருசத்துல இப்டி நடிச்சதே இல்லியே! இனிமே ராஜகுமாரின்னா நீதான்!"

அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார் தாமோதரன். சொன்னால் பார்ட் போய்விடும். வாயை மூடிக்கொண்டார். மீதிக் காட்சிகளை முக்காடு போட்டு முடித்தார்.

மனசு உறுத்தியது. அடுத்த ஞாயிறு குப்பத்துக்குப் போனார். கோயில் பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த முத்தம்மா என்கிற கிழவியிடம் அந்த முடியைப் பற்றி விசாரித்தார்.

"எம் மருமவ கன்னியம்மா முடி, நைனா. கார்த்திகைப் புயல்ல எம் மவன் கடலுக்குப் போனான், வரல. அவன் வந்தா முடி எறக்கறேன்னு வேண்டிக்கினா. காத்துகினு இருக்க முடியாம முன்னயே எறக்கிட்டா. 'அவரே வந்து அவுக்கட்டும்'னு மூங்கில்ல கட்னா. தை பொறந்தன்னிக்கு அவளும் கடல்ல எறங்கிட்டா. பொணம்கூட கெடைக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செத்தும் வுடல நைனா. டெய்லி ராத்திரி ஏழரைக்கு முன்ன கரையில அவ கொரலு கேக்குது. ஒரே கேள்விதான்."

என்ன கேள்வி என்று தாமோதரன் கேட்கவில்லை.

நேராக ரகுபதி வீட்டுக்கு ஓடினார். ரகுபதி ஒரு வாரத்தில் இளைத்துப்போயிருந்தார். மணிக்கட்டை நீட்டினார். நீளமான ஒற்றை முடி சுற்றியிருந்தது.

"உன் டோப்பா முடிதானே இது? டெய்லி காத்தால சுத்திகினு கீது, தாமு. ஈரமா. மொத நாளு ஒரு சுத்து. இன்னிக்கி ஏழு."

தாமோதரன் எல்லாவற்றையும் சொன்னார். தூங்கிப்போனதை. வாயை மூடிக்கொண்டதை.

ரகுபதி மணிக்கட்டில் இருந்த முடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அன்னிக்கு... நான் யாராண்ட வந்துட்டேன்னு சொன்னேன்?"

மறுநாள் திங்கட்கிழமை, ரகுபதி வேலைக்கு வரவில்லை. வீடு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துப் பார்த்தார்கள். பாய் மட்டும் இருந்தது. பாய் முழுக்க ஈர மணல். மனுஷன் இன்றுவரை கிடைக்கவில்லை.

தாமோதரன் அதற்கப்புறம் மேடை ஏறவில்லை. சில மாதம் கழித்து முத்தம்மாவை மறுபடி பார்த்தாராம். கரையில் இப்போது குரல் கேட்பதில்லை என்றாளாம். எப்போதிலிருந்து என்று கேட்டிருக்கிறார்.

"மாசி மாசம், நைனா. ஒரு திங்கக்கெழமையிலேந்து."